பிள்ளைகளோடு விட்டால் போதுமா?

09.02.2025, ஞாயிறு

மஸ்கெலியாப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்கிறார்: “மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடுங்கள், பேச்சு வந்துவிடும் என்றார்கள். மூன்று மாதமாக எங்கள் லயத்து, வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு விடுகிறேன். அவன் பீலியடிக்குப் போய்த் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு விளையாடுகிறார்கள். இதில் என்ன பயன்?”

தங்கச்சி, விட்டால் மட்டும் போதாது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் 11 வருடமாக முன்பள்ளி நடத்துகிறேன். என் அண்ணன் மகனுக்கும் ஆட்டிசம். இப்போது அவனுக்கு ஏழு வயது. நான்கு வயதில் அவன் என்னிடம் வந்தபோது நானும் இதைத்தான் செய்தேன். பதினான்கு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் அவனை இருத்தினேன். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாங்குக்கு அடியில் புகுந்துவிட்டான். மாலை வரை வெளியே வரவில்லை. பறித்த கொழுந்தை நிறுக்கும் அந்தி நிறுவை முடிந்து வந்த அண்ணி, முதுகில் கிடந்த பையை இறக்காமலே குனிந்து பார்த்தார். மகன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு முன்னால் நிற்கிறது.

பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பது வேறு, பிள்ளைகளோடு விளையாடுவது வேறு. மற்றப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே, இப்போது யார் பிடிக்கிறார், யார் ஓடுகிறார், எப்போது ஆட்டம் மாறியது என்று தெரிந்துகொள்கிறார்கள். யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த ஓட்டம் பிடிபடுவதில்லை. உள்ளே நுழைய அவனுக்கு வழி வேண்டும். அதைப் பெரியவர் ஒருவர் அமைத்துக்கொடுக்க வேண்டும்.

இப்போதைக்குக் கூட்டத்தில் விடாதீர்கள். அவன் வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் நீங்கள் இருங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அதே நாள், இரவு

ஒன்று விடுபட்டுவிட்டது. பீலியடியில் நிற்பதைச் “சும்மா நிற்கிறான்” என்று எழுதிவிடாதீர்கள். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-இல் சிறு பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்து வகைப்படுத்தினார். தனியே விளையாடுவது, மற்றவர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, பக்கத்தில் இருந்துகொண்டு தன் விளையாட்டை விளையாடுவது, பிறகு பொருளைப் பகிர்ந்து, பிறகு எல்லோரும் ஒரே நோக்கத்தோடு. பார்த்துக்கொண்டிருப்பதற்கும் அவர் இடம் கொடுத்திருக்கிறார். உங்கள் மகன் தண்ணீரை மட்டும்தான் பார்க்கிறானா, அல்லது பிள்ளைகள் கத்தும்போது ஒருதரம் திரும்புகிறானா? நாளைக்குக் கவனித்துச் சொல்லுங்கள். அந்த ஒரு திரும்புதலிலிருந்து நாங்கள் தொடங்கலாம்.

16.02.2025, ஞாயிறு

என் அண்ணன் மகனைப் பிள்ளைகளோடு சேர்த்தது நிறுவை விளையாட்டுத்தான். அதைப் பற்றி விரிவாகச் சொல்லும்படி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன்.

மருமகனுக்கு அப்போது ஐந்தரை வயது. எண் என்றால் உயிர். பஸ் இலக்கம், லயத்துக் கதவில் எழுதிய இலக்கம், கலண்டர். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனால் தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். பேச்சு என்று பார்த்தால், நாங்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்வான். “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டாயா” என்பான்.

எங்கள் லயத்துப் பிள்ளைகள் இஸ்தோப்பில், அதாவது வாசல் தாழ்வாரத்தில், நிறுவை விளையாடுவார்கள். நானும் சிறுவயதில் விளையாடியதுதான். கொய்யாக் கொம்பு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் தராசு. பழைய பைகளில் வேலி இலையைப் பறித்து நிரப்பிக்கொண்டு வரிசையில் வருவார்கள். ஒருவர் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்து நிறையைச் சொல்லி எழுத வேண்டும். அந்த வேலைதான் யாருக்கும் பிடிக்காது, ஓட முடியாதே. ஒருநாள் அடுத்த காம்பிராவில் (லயத்து அறையில்) இருக்கும் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, வாசலில் உட்கார்ந்திருந்த இவன் மடியில் கொப்பியையும் பென்சிலையும் வைத்துவிட்டு, “நீதான் கணக்கப்பிள்ளை” என்று சொல்லிப் போய்விட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகச் செய்தாள்.

முதல் மூன்று நாள் அவன் ஒன்று, இரண்டு என்று நாற்பது வரை எழுதிக்கொண்டே இருந்தான். பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். அவள்தான் ஒவ்வொருவருடைய நிறையையும் சொன்னாள். நான்காவது நாள் அவள் பையைக் கொம்பில் மாட்டினாள், ஒன்றும் சொல்லவில்லை. அவன் பக்கத்திலேயே, அவன் பார்க்கும் திசையைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் நின்ற பையன் “சொல்லு, சொல்லு” என்று அவசரப்பட்டான். அவனைக் கையால் தடுத்தாள். எனக்கே பொறுமை போய்விட்டது, நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போது மருமகன் “பதினெட்டு” என்றான். எழுதினான். அடுத்த பை வந்தது. “இருபத்தொன்று.”

அதற்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் இருக்கும். உண்மையான நிறுவையில் பைக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள் அல்லவா? ஒரு மாலை அவன் “பதினாறு, கழிவு இரண்டு” என்றான். பிள்ளைகள் ஒரே கூச்சல். “அநியாயம்! காய்ந்த கொழுந்துக்குக் கழிவா?” அவன் தலையைத் தூக்கினான். கத்தியவனின் முகத்தைப் பார்த்தான், மற்றவன் முகத்தைப் பார்த்தான். அடுத்த பைக்கு “கழிவு ஐந்து” என்றான். கூச்சல் கூடியது. அவன் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அடுத்ததற்கு வாயைத் திறக்கும் முன்பே முகங்களைப் பார்த்துவிட்டான்.

இதைக் கூட்டுக் கவனம் என்பார்கள். ஒரு பொருளையும் ஒரு மனிதரையும் சேர்த்துப் பார்ப்பது, “நீயும் இதைக் கண்டாயா?” என்று கண்ணால் கேட்பது. ஆட்டிசத்தில் பேச்சுக்கு முன்பே தடைப்படுவது இதுதான். ஒரு வருடமாக நான் அவன் தாடையைப் பிடித்து “அத்தையைப் பார்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பார்ப்பதற்கு அவனுக்கே ஒரு காரணம் கிடைத்திருந்தது. தாடையைப் பிடித்ததை நினைத்தால் இப்போது மனம் வலிக்கிறது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

17.02.2025

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தபோதுதான் கண்டேன், முதல் நாள் உங்களுக்குச் சொன்னது இரண்டும் தவறு.

“அவன் வயதுப் பிள்ளை” என்றேன். எங்களுக்குக் கைகொடுத்தது ஒன்பது வயதுப் பிள்ளை. ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் முறை வரும் வரை காத்திருப்பதே பெரும்பாடு, இன்னொருவனுக்காக எப்படிப் பொறுக்கும்? “எதிரெதிரே” என்றேன். அவள் பக்கத்தில் நின்றாள். எதிரே ஒரு முகம் வந்தால் அவன் அதைத் தாங்கிக்கொள்வதிலேயே முழு மனதையும் செலவழிக்கிறான். விளையாட மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை.

பமேலா வூல்ஃபர்க் என்பவர் அமெரிக்காவில் உருவாக்கிய கூட்டு விளையாட்டுக் குழு முறையை ஒரு பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். மூன்று முதல் ஐந்து பிள்ளைகள். விளையாட்டில் தேர்ந்த பிள்ளைகள் கூடுதலாகவும் ஆட்டிசம் உள்ள பிள்ளை குறைவாகவும் இருக்க வேண்டும். அதே பிள்ளைகள், அதே இடம், வாரத்தில் இரண்டு தரம், அரை மணி முதல் ஒரு மணி நேரம், மாதக்கணக்கில். பெரியவர் தொடக்கத்தில் கூட இருந்து வழிகாட்டுவார், பிள்ளைகள் பழகப் பழகப் பின்வாங்குவார். கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனதில் லயம்தான் வந்தது. அதே பிள்ளைகள், அதே இஸ்தோப்பு, ஒவ்வொரு மாலையும். கொழும்பில் இருப்பவர்கள் இதற்காகப் பணம் கட்டி, வாகனம் பிடித்து, நேரம் குறித்துப் போகிறார்கள். எங்கள் காம்பிராக்களில் இடம் இல்லை, தனிமை இல்லை. அதற்காக நான் எத்தனையோ தரம் அழுதிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் கையெட்டும் தூரத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

02.03.2025

ஆட்டிசத்தை “மன இறுக்கம்” என்று ஏன் எழுதுவதில்லை என்று கேட்டவருக்கு: என் மருமகன் மனம் இறுகியவன் இல்லை. கழிவு போட்டுவிட்டு அவன் சிரிக்கும் சிரிப்பைப் பார்த்த எவருக்கும் அந்தச் சொல் வாயில் வராது. ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

16.03.2025

தோட்டத்தில் ஆடும் காமன் கூத்து முடிந்தது. பதினைந்து நாளாகத் தப்பு மேளச் சத்தம். போன வருடம் ஒலிபெருக்கி அலறியதும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இந்த வருடம் அண்ணன் அவனைத் தப்பு காய்ச்சும் இடத்துக்கு, ஆட்டம் தொடங்கும் முன்பே கூட்டிப் போனார். நெருப்பில் தோல் முறுகுவதையும், தட்டிப் பார்ப்பதையும், மறுபடி காட்டுவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தான். பிறகு அடி விழுந்தபோது காதைப் பொத்தவில்லை. எங்கிருந்து வருகிறது, எப்போது வரும் என்று தெரிந்த சத்தம் அவனைப் பயமுறுத்துவதில்லை. ஒலிபெருக்கி இன்னும் ஆகாது.

வீட்டுக்கு வந்து பால்மா டின்னைத் தட்டத் தொடங்கினான். ஒரே மாதிரி: மூன்று அடி, நிறுத்தம், ஒரு அடி. அண்ணி “போதும் ராசா” என்றார். நான் இன்னொரு டின்னை எடுத்து அவன் தட்டியதை அப்படியே தட்டினேன். நிறுத்தினான். என் டின்னைப் பார்த்தான். மாற்றித் தட்டினான், நானும் மாற்றினேன். அவன் என்னைச் சோதிக்கிறான் என்று புரிந்தது. பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். “இவன் அடிக்கிறதைத்தான் அடிக்க வேண்டும், உங்கள் இஷ்டத்துக்கு அடிக்கக்கூடாது” என்று சொன்னேன். இருபது நிமிடம் நடந்தது. எங்கள் வீட்டில் அது பெரிய நேரம்.

நாங்கள் எப்போதும் அவனை “எங்களைப் போலச் செய்” என்கிறோம். முதலில் நாங்கள் அவனைப் போலச் செய்து பார்க்க வேண்டும். பேச்சே வராத பிள்ளையோடும் இதைத் தொடங்கலாம், காசு வேண்டாம், பயிற்சி வேண்டாம்.

06.04.2025

இன்றைக்கு என் பெரிய தவறு ஒன்றை எழுத வேண்டும். நிறுவை விளையாட்டு நன்றாகப் போனதும் எனக்கு உற்சாகம் வந்து, முன்பள்ளியிலும் பிள்ளைகளைத் தயார்படுத்தினேன். “அவன் பாவம், அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அவன் கேட்டதைக் கொடுங்கள்” என்றேன். பிள்ளைகள் சொன்னபடி செய்தார்கள். செருப்பு மாட்டிவிட்டார்கள், தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள், அவன் கையை நீட்டும் முன்பே பொருளைத் தந்தார்கள். ஒரு மாதத்தில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். ஏன் கேட்க வேண்டும்? அவனைச் சுற்றி ஆறு ஆயாம்மாக்கள் இருந்தார்கள், விளையாட ஒருவரும் இல்லை.

அதை மாற்ற இரண்டு மாதம் ஆனது. இப்போது பிள்ளைகளுக்கு மூன்றே மூன்று சொல்லித் தருகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடு, கூப்பிட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணு. பேச்சை நீட்டாதே, “உன் முறை” என்றால் போதும், பொருளைக் காட்டு. அவன் போய்விட்டால் கோபிக்காதே, ஆட்டத்தை நிறுத்தாதே, திரும்பி வந்தால் இடம் விடு. இதைப் பொம்மை வைத்து நடித்துக் காட்டுகிறேன். பத்து எண்ணுவதுதான் பிள்ளைகளுக்குக் கடினம். ஆனால் பிடித்துவிட்டால் அதையே ஒரு விளையாட்டாக்கிக்கொள்கிறார்கள். விரலை முதுகுக்குப் பின்னால் மடக்கி மடக்கி எண்ணும் ஒரு பையனைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கும்.

கோனி கசாரி என்ற பேராசிரியரும் குழுவினரும் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாதாரண வகுப்புகளில் படிக்கும் ஆட்டிசப் பிள்ளைகள் 60 பேர். சிலருக்கு நேரடியாகச் சமூகத் திறன் கற்றுக்கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, அவர்களைத் தொடாமல், வகுப்புத் தோழர்களுக்கு மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். தோழர்கள் பயிற்சி பெற்ற வகுப்புகளில் விளையாட்டுத் திடலில் அந்தப் பிள்ளைகள் தனித்து நிற்பது குறைந்தது. இதை முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமும் எல்லாத் திருத்தத்தையும் ஒரு சின்னப் பிள்ளையின் தலையிலேயே ஏற்றிக்கொண்டிருந்தோம்.

08.04.2025

“மற்றப் பிள்ளைகள் பாடுபட வேண்டுமா? அவர்கள் விளையாட்டும் கெடாதா?” என்று கேட்ட ஐயாவுக்கு. கெட்டால் நிறுத்திவிட வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. சந்தோஷமில்லாத பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்தால் அது விளையாட்டே இல்லை. ஒன்பது வயதுக்காரியை நான் ஒருநாளும் “போய் அவனோடு விளையாடு” என்று அனுப்பியதில்லை. அவளுக்குக் கணக்கப்பிள்ளை வேண்டியிருந்தது. அவனைவிட நல்ல கணக்கப்பிள்ளை லயத்தில் யாரும் இல்லை. பிந்தி வந்த அவளுக்கே ஒருநாள் “அரைப் பேர்”, அதாவது அரை நாள் கூலி, போட்டுவிட்டான். அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

டேனியல் லெகோஃப் என்ற உளவியலாளர் 2004-இல் லெகோக் கட்டைகளை வைத்து எழுதிய முறையும் இப்படித்தான். படத்தைப் பார்த்துச் சொல்பவர் ஒருவர், கட்டையை எடுத்துத் தருபவர் ஒருவர், பொருத்துபவர் ஒருவர். மூன்று பேரும் பேசிக்கொள்ளாமல் வீடு எழும்பாது. லெகோ வாங்க எங்களால் முடியாது. வெற்றுத் தீப்பெட்டியும் பசையும் போதும், செய்து பார்த்துவிட்டேன். ஆளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதுதான் அதில் முக்கியம்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். டேமியன் மில்டன் ஆட்டிசம் உள்ளவர், ஆய்வாளர். 2012-இல் அவர் எழுதினார்: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோம், மற்றவர்களுக்கும் அவரைப் புரியவில்லையே, தடை இரண்டு பக்கமும் இருக்கிறது. எங்கள் லயத்துப் பிள்ளைகளிடம் இது தெரிகிறது. அவன் கையை உதறினால் சந்தோஷம், கொப்பியை மூடினால் களைப்பு, கதவு இலக்கங்களைச் சொல்ல ஆரம்பித்தால் ஏதோ பயம். இவை எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. என் அண்ணனுக்கு இதில் பாதிதான் தெரியும்.

25.05.2025

மழை. தகரத்தில் விழும் சத்தத்தில் இரண்டு நாளாக விளையாட்டு இல்லை. கட்டிலுக்குக் கீழே போர்வைக்குள் இருக்கிறான். இந்த மாதிரி நாட்களில் பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். பழைய சாக்குகளைக் கூரைக்கு அடியில் கட்டிப் பார்த்தோம், சத்தம் கொஞ்சம் குறைகிறது.

29.06.2025

சிகிச்சை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டு இருந்தால் சிகிச்சையாளர் தேவையில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அப்படி வாசித்தவர்கள் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள், காது கேட்கிறதா என்று சோதியுங்கள். கொழும்புக்கு அருகே ராகமைப் பக்கத்தில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆட்டிசம் கண்டார்கள். தோட்டத்தில் இது இல்லை என்று நினைப்பவர்கள், பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) ஒரு மூலையில் “ஊமை” என்றும் “அடங்காதவன்” என்றும் பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள்.

ஆனால் நடைமுறையை நான் மறைக்கமாட்டேன். ஒரு கிளினிக்குக்கு அண்ணியோடு போக விடியற்காலை நாலு மணிக்கு இறங்கினோம். அண்ணிக்கு அன்றையப் பேர் போனது. அங்கே பேசியவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் பாதிதான் வரும். மருமகனிடம் சிங்களத்தில் பொருட்களின் பெயரைக் கேட்டார்கள், அவன் ஒன்றும் சொல்லவில்லை. “சொல் இல்லை” என்று எழுதினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவன் எதிரே வந்த வண்டிகளின் இலக்கங்களைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதையும் எழுதச் சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்குப் பிறகு, போகும்போதெல்லாம் அவன் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி, சிங்களமும் தெரிந்த ஆசிரியர் ஒருவரைக் கொண்டு மாற்றி எழுதிக் கொண்டுபோகிறோம். நீங்களும் செய்யுங்கள். விளையாடும்போது என்ன சொன்னான், யாரிடம் சொன்னான், தானாகவா, கேட்டதற்கா என்று குறித்துவையுங்கள். என் கொப்பியில் சென்ற பெப்ரவரியில் தானாகச் சொன்னவை பெரும்பாலும் எண்கள். இந்த மாதம் “என் முறை”, “போகாதே”, “இன்னும்” இருக்கின்றன.

18.07.2025, வெள்ளி

மஸ்கெலியாத் தங்கச்சியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. சென்ற மாதம் என் பேச்சைக் கேட்டு அவர் நிறுவை விளையாட்டை வைத்துப் பார்த்தாராம். மகன் கொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பீலிக்குப் போய்விட்டான். நான் யோசிக்காமல் என் மருமகனின் விளையாட்டை அவர் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு எண் வேண்டாம், தண்ணீர்தான் வேண்டும்.

பிறகு அவராகவே யோசித்திருக்கிறார். பீலியடிக்கே மூன்று பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார், எட்டு வயது, பத்து வயது. வெற்றுப் போத்தல்கள், ஒரு மூங்கில் குழாய். முதலில் அவர்கள் யார் முதலில் நிரப்புவது என்று போட்டி வைத்தார்கள், இவன் விலகிவிட்டான். போட்டியை நிறுத்தி, குழாயைப் பிடித்துத் தண்ணீரைத் திருப்பும் வேலையை இவனுக்குக் கொடுத்தார். யாருக்குத் தண்ணீர் வேண்டுமோ அவர் போத்தலைக் காட்டி, காத்திருக்க வேண்டும். முதல் நாள் யாருக்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் பத்து வயதுப் பையனின் போத்தலுக்குக் குழாயைத் திருப்பியிருக்கிறான். போத்தல் நிரம்பியும் எடுக்கவில்லை, வழிந்து பையனின் சட்டை முழுக்க நனைந்தது. பையன் துள்ளிக் கத்தினான். இவன் முகத்தைப் பார்த்தானாம். மறுபடி அவன் மேல் திருப்பினானாம்.

“அக்கா, வந்து பாருங்கள்” என்று எழுதியிருக்கிறார். நாளைக்குச் சனிக்கிழமை. மருமகனையும் அடுத்த காம்பிராப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஹட்டனில் பஸ் மாறிப் போகிறோம். மருமகன் இப்போதே பஸ் இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துவிட்டான். மாற்றுச் சட்டை ஆளுக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.